கை பட்டது

பழைய வாத்தியம் விற்கிறவர்களின் மொழியில் உச்சமான பாராட்டுச் சொல் ஒன்று இருக்கிறது: தீண்டப்படாதது. அமெரிக்காவின் இணையச் சந்தைகளில் அறுபது எழுபது வருசத்துக் கிதார்களை விலைக்கு வைக்கிறவர்கள் இந்தச் சொல்லைத்தான் முதல் வரியில் போடுகிறார்கள். வண்ணப்பூச்சு, ஸ்க்ரூ, ஒயர், பெட்டி எதையும் யாரும் மாற்றவில்லை, யார் கையும் படவில்லை என்று அதற்கு அர்த்தம். அப்படி ஒன்று வந்தால் விலை ஏறும். வாசித்து வாசித்துப் பூச்சு தேய்ந்து, மணிக்கட்டு உரசிய இடம் வெளுத்து, முறுக்காணி மாற்றிப் போட்டிருந்தால் விலை இறங்கும். வாசிப்பதற்காகச் செய்த பொருளை வாசிக்காமல் வைத்திருந்தவனுக்குத்தான் லாபம்.

இந்தச் சொல் நமக்கு எப்படிப்பட்டது என்று இந்த இதழை வாசிக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அங்கே அது பொருளை உயரத்தில் தூக்கி வைக்கிறது, இங்கே மனுசனை ஊருக்கு வெளியே தள்ளி வைத்தது. திசைதான் வேறே தவிர, உழைக்கிற கை பட்டால் பொருள் கெட்டுப்போகும் என்கிற நினைப்பு ரெண்டுக்கும் அடியில் கிடக்கிறது. ஒரு வருசத்துக்கு மேல் ராத்திரி ராத்திரியாக அந்தச் சந்தைக்குள் சுற்றியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

நான் அங்கே போனது ஆராய்ச்சிக்காக இல்லை. அக்காவுக்காக. பெரியப்பா மகள். பெரியப்பா கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். நூற்றியிருபது வருசம் பூமிக்கடியில் தங்கம் வெட்டிக்கொடுத்த சனம் கையில் ஒன்றுமில்லாமல் மேலே நின்றது. பெரியப்பா ஊருக்குக் கொண்டுவந்தது ஒரு தகரப் பெட்டி, ஒரு கிதார், இருமல். கிதாரை அவர் தங்கவயலில் ஒரு சட்டைக்காரரிடம் கற்றுக்கொண்டவர். நாம் சினிமாவில் பார்க்கிறமாதிரி நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கமாட்டார். மடியில் படுக்கப் போட்டுக்கொள்வார். தலைப்பக்கம் ஒரு இரும்புத் துண்டைச் செருகி, கம்பியெல்லாம் பலகையைத் தொடாமல் உயர நிற்கும். இடது கையில் வழவழப்பான ஒரு உருக்குக் கட்டை. கம்பியை விரலால் அமுக்குகிற வேலையே இல்லை. கட்டையைக் கம்பிமேல் வைத்து இழுப்பார். ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு எட்டு வைத்துப் போகாமல் வழுக்கிக்கொண்டு போகும். கோயிலில் ஞாயித்துக்கிழமை அவர் வாசித்தால் கிழவிகளெல்லாம், 'இது அழுவுதுடா' என்பார்கள். ஹவாயன் கிதார் என்று பெரியப்பா சொல்வார். ஹவாய் எங்கே இருக்கிறதென்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

அவருக்குப் பிறகு அக்கா அதை எடுத்தாள். இப்போது எங்கள் குழுவில் பறைக்கும் பாட்டுக்கும் நடுவே அது ஒரு குரலாக இருக்கிறது. நினைவேந்தல், டிசம்பர் 6, ஊருக்கு ஊர் கலைநிகழ்ச்சி எல்லாவற்றுக்கும் போகிறது. ஆனால் அதில் ஒரு தொல்லை. விரல் வளையும், உருக்குக் கட்டை வளையாது. நேர்கோட்டில் என்ன சுரங்கள் வருகிறதோ அந்தக் கார்டுதான் கிடைக்கும். ஆகவே கம்பிகளை எப்படிச் சுருதி கூட்டியிருக்கிறோம் என்பதுதான் இந்த வாத்தியத்தின் மொத்த இலக்கணமும். பெரியப்பாவின் சுருதி மேஜர். ஆராதனைப் பாட்டுக்கு அது சரி. ஒப்பாரியை எடுத்தால் அது முகம் காட்டாது. அதற்கு வேறு சுருதி வேண்டும். மேடையில் ஒரு பாட்டு முடிந்ததும் அக்கா உட்கார்ந்து ஆறு முறுக்காணியையும் திருகிக்கொண்டிருப்பாள். 'முறுக்கி முடிக்கிறதுக்குள்ள கூட்டம் டீக்கடைக்குப் போயிடுதுடா' என்பாள். ஒருநாள் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினாள். நாலு காலில் மேசைமாதிரி நிற்கிறது. மேலே ரெண்டு கழுத்து, ஒவ்வொன்றிலும் எட்டுக் கம்பி. 'இதுல ஒன்னு அப்பாவுக்கு, ஒன்னு ஒப்பாரிக்கு.'

அவள் கண்டுபிடித்த தீர்வை அமெரிக்காவில் எண்பது தொண்ணூறு வருசத்துக்கு முன்பே கண்டுபிடித்திருக்கிறார்கள். சுருதி மாற்ற நேரமில்லாத நடனமண்டப வாத்தியக்காரர்களுக்காக ரெண்டு, மூணு, நாலு கழுத்து வரைக்கும் ஒரே உடம்பில் செய்தார்கள். லியான் மெக்காலிஃப், நோயல் பாக்ஸ் போன்றவர்கள் அவற்றை வைத்துக்கொண்டு நின்றபடி வாசித்தார்கள். பிறகு 1954ல் வெப் பியர்ஸ் என்கிற பாடகரின் ஒரு பாட்டில் பட் ஐசக்ஸ் என்பவர் காலால் பெடலை அமுக்கிக் கம்பியின் சுருதியை ஒலி நடுவிலேயே மாற்றிக் காட்டினார். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களெல்லாம் பெடலுக்கு ஓடினார்கள். பெடல் இல்லாத பல கழுத்துக் கிதார்கள் பரணுக்குப் போயின. இப்போது சந்தைக்கு வருகிறவை அந்தப் பரணில் கிடந்தவைதான். நாலு கழுத்து ஒன்றை அக்காவிடம் காட்டினேன். 'ராவணன் நம்மாளுதான். ஆனா எனக்கு ரெண்டு கை தானடா' என்று சொல்லிவிட்டாள்.

வாங்குவதற்கு முன்னே இது யாருடையது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு மூலம் தேடுகிற வியாதி போகாது. தேடினால் ஹவாய்த் தீவில் லாயீ என்ற ஊரில் 1874ல் பிறந்த ஜோசப் கெகுகு என்பவரிடம் போய் நிற்கிறது. பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தபோது இரும்புத் துண்டு ஒன்றைக் கிதார்க் கம்பியில் இழுத்துப் பார்த்து, வருசக்கணக்கில் பழகி, இதை ஒரு முறையாகவே ஆக்கியவர். அந்த வருசங்களில் அவருடைய நாட்டுக்கு என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். 1893ல் கரும்புத்தோட்ட முதலாளிகளின் ஆட்கள், அமெரிக்கப் படை கரையில் இறங்கி நிற்க, அரசி லிலியுவோகலானியை இறக்கினார்கள். 1896ல் பள்ளிக்கூடங்களிலிருந்து ஹவாய் மொழியைத் துரத்தினார்கள். 1898ல் நாட்டையே அமெரிக்காவோடு சேர்த்துக்கொண்டார்கள். 1904ல் கெகுகு தன் கிதாரை எடுத்துக்கொண்டு தீவை விட்டுக் கிளம்பினார், அமெரிக்கா முழுக்க, ஐரோப்பாவிலும் வாசித்தார், 1932ல் நியூஜெர்சியில் செத்தார். மண்ணும் மொழியும் பறிபோன சனத்தின் வாத்தியம் பறித்தவனுடைய ஊரெல்லாம் மோகமாகப் பரவியது. வீடுவீடாகப் பாடம் விற்றார்கள். கிளீவ்லாந்தில் ஓவாஹு என்று ஹவாய்த் தீவின் பெயரையே வைத்துக்கொண்டு ஒரு கம்பெனி, வேறு தொழிற்சாலைகளில் செய்த கிதார்களைத் தன் பெயர் போட்டுப் பாடத்தோடு சேர்த்து விற்றது. அந்தக் காலத்து மலிவுக் கிதார்களில் தென்னைமரமும் கடலும் ஆடும் பெண்ணும் வரைந்திருக்கும். படத்தில் ஹவாய் இருக்கும், கல்லாவில் இருக்காது.

எனக்கே ஆச்சரியமாக இருந்தது ஒன்று. உலகத்தில் வெற்றிகரமாக விற்ற முதல் மின்கிதார் நெஞ்சில் அணைத்து வாசிக்கிற கிதார் இல்லை, மடியில் போட்டு வாசிக்கிற ஹவாய்க் கிதார்தான். ஜார்ஜ் போஷாம்ப் 1931ல் மாதிரி செய்து, 1932ல் கடைக்கு வந்தது. அலுமினியத்தில் வட்ட உடம்பும் நீளக் கழுத்துமாக இருப்பதால் வாணலி என்றே பெயர் வந்துவிட்டது. ரிக்கன்பேக்கர் கம்பெனியின் பெருமையெல்லாம் அதிலிருந்து தொடங்குகிறது. லியோ ஃபெண்டரும் முதலில் மடிக் கிதார் செய்துதான் பிழைத்தார், அவருடைய புகழ்பெற்ற கிதார்கள் பிறகு வந்தவை. எத்தனை ராக் மேதைகளைப் பற்றி நம் சிறுபத்திரிகைகளில் எழுதியிருக்கிறார்கள். அந்த மின்சாரமே ஒரு தீவுச் சனத்தின் சத்தத்தைப் பெரிசாக்கத்தான் வந்தது என்பதை ஒருத்தரும் எழுதி நான் படிக்கவில்லை.

இதில் நம்மூர் ஆள் ஒருத்தரும் வருகிறார் என்று சொல்கிறார்கள். கேப்ரியல் டாவியன் என்ற இளைஞர், இந்தியாவில் பிறந்தவர், கப்பல்காரன் ஒருத்தன் கடத்திக்கொண்டு வந்த பிள்ளை, கெகுகுவுக்கு முன்னாலேயே ஹொனலுலுவில் கம்பிமேல் சறுக்கி வாசித்தார் என்று ஹவாய்க்காரர் ஒருவரின் நினைவுக்குறிப்பு இருக்கிறது. உடனே இங்கே சிலர் கோட்டுவாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், எல்லாம் இங்கிருந்துதான் போனது என்பார்கள். கடத்திப்போன பிள்ளை எந்தத் தெரு, எந்த மொழி பேசியது, அதன் ஆத்தா எத்தனை நாள் கடற்கரையில் நின்றாள் என்று கேட்க மாட்டார்கள். பெருமை மட்டும் வேண்டும். எனக்கு அந்தப் பெருமை வேண்டாம். கெகுகு செய்தது கெகுகுவுடையது.

1940களில் டாவ் மோ என்ற சமோவாக் கலைஞர் குடும்பத்தோடு கல்கத்தாவில் வந்து இருந்து இதைப் பரப்பினார். அப்படித்தான் சட்டைக்காரர் வீடுகளுக்கும் சினிமாவுக்கும், சுற்றிவளைத்துத் தங்கவயலுக்கும் வந்திருக்க வேண்டும். பிரிஜ் பூஷண் காப்ரா இதை இந்துஸ்தானி மேடைக்குக் கொண்டுபோனார், கிதார் என்ற பெயரிலேயே. பின்னால் வந்த விஷ்வ மோகன் பட் தான் மாற்றியமைத்த கிதாருக்கு மோகன வீணை என்று பெயர் வைத்தார், 1994ல் கிராமி விருதும் வாங்கினார். வித்வான், சந்தேகமே இல்லை. ஆனால் வீணை என்ற பெயர் எதற்கு என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. கையை மாற்றினால் போதாது, பூணூலும் போடவேண்டியிருக்கிறது.

சந்தைக்கு வருகிறேன். பழைய கிதாரை அடையாளம் காண்பது ஒரு தனிப் படிப்பு. அடையாளம் என்ற சொல்லை வைத்து நாம் எத்தனை கூட்டம் போட்டிருக்கிறோம், எத்தனை கட்டுரை எழுதியிருக்கிறோம். அந்தச் சொல்லுக்கு இவ்வளவு மரையாணி இருக்கிறது என்று எனக்கு இங்கேதான் தெரிந்தது. விற்கிறவன் முதலில் காட்டுவது பெயர்த் தகடு. அதைத்தான் கடைசியில் நம்பவேண்டும். தகடு ரெண்டு ஸ்க்ரூவில் நிற்கிறது, கழற்றி வேறொன்றில் மாட்ட அஞ்சு நிமிசம். உடம்பைப் பார்க்க வேண்டும். பழைய ரிக்கன்பேக்கர் என்றால் குதிரை லாடம்போல வளைந்த ரெண்டு காந்தத்துக்கு நடுவே கம்பி போகும். லாடத்தின் அகலத்தை அளந்து கேட்கவேண்டும். ஒன்றரை அங்குலம் என்றால் இரண்டாம் உலகப்போருக்கு முந்தியது, ஒன்றேகால் என்றால் பிந்தியது. அதில் பேக்கலைட்டில் செய்த உடம்பும் உண்டு. இனிமை என்கிறார்கள். சூடு பட்டால் சுருதி நகரும் என்றும் அவர்களே சொல்கிறார்கள். சித்திரை மாசத்தில் எங்கள் ஊர்த் திடலில் ஹாலஜன் லைட்டுக்கு முன்னால் அதை வைத்துக்கொண்டு அக்கா என்ன செய்வாள்? அதை விட்டோம்.

ஃபெண்டரில் ரெண்டு வகை எங்களுக்கு ஒத்துவந்தது. 1946ல் வந்த டுவல் புரொஃபஷனல். அதன் பிக்கப் பெட்டிக்குள்ளேயே நுழைந்து கம்பி வெளியே வரும். 1953ல் வந்த ஸ்டிரிங்மாஸ்டர். அதில் கழுத்துக்கு ரெண்டு பிக்கப், ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றியது, அதனால் மின்சார இரைச்சல் ரெண்டுக்கும் நடுவே அடிபட்டுப்போகும். நம்ம ஊர்த் திருட்டுக் கொக்கி மின்சாரத்துக்கும் ஜெனரேட்டருக்கும் அது பெரிய உபகாரம். ரெண்டு பிக்கப்பின் ஒலியையும் எந்த அளவில் கலப்பது என்பதற்குப் பக்கத்திலேயே சின்னச் சக்கரம் ஒன்று ஒளிந்திருக்கும். படத்தில் அந்தச் சக்கரம் தெரியவில்லையென்றால் கேட்டு வாங்கவேண்டும். கம்பியின் நீளத்தையும் கேட்கவேண்டும். இருபத்திரண்டரை, இருபத்துநாலரை, இருபத்தாறு அங்குலம் என்று மூன்று அளவில் வந்தது. நீளம் கூடினால் ஒரே சுருதிக்குக் கம்பி அதிகமாக விறைக்கும். நீளக் கம்பிக்கு எழுதிய சுருதியை வேறு அளவில் அப்படியே ஏற்ற முடியாது.

வருசம் தெரியவேண்டுமானால் உள்ளே போகவேண்டும். வால்யூம் கண்ட்ரோலின் முதுகில் எண் குத்தியிருக்கும். முதல் மூன்று எண் செய்த கம்பெனி: 304 என்றால் ஸ்டாக்போல், 137 என்றால் சி.டி.எஸ். அடுத்தது வருசம், கடைசி ரெண்டும் வாரம். 304542 என்றிருந்தால் 1955ஆம் வருசம் நாற்பத்திரண்டாவது வாரத்தில் செய்த உதிரி. கிதார் அதற்கு முன்னால் பிறந்திருக்க முடியாது. அதற்கு எத்தனை நாள் பின்னால் பிறந்தது என்பதை இந்த எண் சொல்லாது, கெட்டுப்போய் மாற்றியிருந்தால் இந்த எண்ணுக்கே மரியாதை இல்லை. ஈயப்பற்று பழசாக மங்கியிருக்கிறதா, புதுசாகப் பளபளக்கிறதா என்று பார்க்கவேண்டும். உள்ளே படம் எடுத்து அனுப்பச் சொன்னால் நல்ல வியாபாரி அனுப்புவார். திறக்கத் தெரியாது என்று ஒரு தடவை சொல்பவரை மன்னிக்கலாம். ஆனால் ஒரே படம் ரெண்டு பேர் கடையில் இருந்தால், சந்தைக்கு வெளியே நேராகப் பணம் அனுப்பு என்று சொன்னால், வெளியே வந்துவிட வேண்டியதுதான். அப்படி மூன்று பேரைப் பார்த்தேன்.

உள்ளே பார்க்கப் போனபோதுதான் எனக்கு அந்தப் பெயர்கள் கிடைத்தன. ஐம்பதுகளின் ஃபெண்டர் கிதார்களைத் திறந்தால் சிலதில் ஒட்டுத்தாள் துண்டில் ஒரு பெண்ணின் பெயர் பென்சிலில் எழுதியிருக்கும். மேரி, குளோரியா என்று வெறும் பெயர். ஒயரைப் பற்றவைத்தவள். கழுத்தின் அடியில் டி.ஜி. என்று இருந்தால் டேடியோ கோமஸ், மெக்சிகோ வம்சத்துத் தொழிலாளி, மரத்தைச் செதுக்கியவர். அபிகெயில் இபாரா என்ற பெண் 1956ல் வேலைக்குச் சேர்ந்து ஐம்பது வருசத்துக்கு மேல் பிக்கப்பில் கம்பி சுற்றினார். இன்னாருடைய வேலை என்று கண்காணிக்கப் பயன்பட்ட கையெழுத்துகள் அவை. இன்றைக்கு அதே துண்டுத்தாள்தான் சாமான் அசல் என்பதற்குச் சாட்சி. அது ஒட்டியிருந்தால் விலை கூடுகிறது. மேரிக்கு அந்த நாளில் என்ன கூலி என்று விளம்பரத்தில் ஒருத்தரும் எழுதுவதில்லை. அவளுக்கு ஊர் எது, கடைசியில் என்ன ஆனாள் என்றும் இல்லை.

இங்கே மிருதங்கம் இருக்கிறது. மாட்டுத்தோலை வாங்கி, பதம் பார்த்து, வார் பிடித்து, கரணை போட்டுக் கொடுக்கிற தஞ்சாவூர் தலித் கிறித்தவர்கள் உள்ளே துண்டுத்தாள்கூட ஒட்டவில்லை. மேடையில் தொட்டு வணங்கிவிட்டு வாசிக்கிற வித்வானின் பெயர்தான் அந்த வாத்தியத்தின் பெயர். செபாஸ்டியன் குடும்பத்தைப் பற்றி 2020ல் டி.எம். கிருஷ்ணா புத்தகம் எழுதினார். அதை வெளியிடப் பேசிவைத்திருந்த அரங்கத்தில் அனுமதியை ரத்துசெய்தார்கள் என்பது செய்தித்தாளில் வந்த விசயம். பெயரை எழுதினாலே அரங்கம் தீட்டாகிறது.

என் தேடலில் நான் ரொம்பநாள் தங்கிவிட்ட இடம் இன்னொன்று. கருப்பர்களின் கவிதையைத்தான் நாம் அதிகம் மொழிபெயர்த்தோம், சத்தத்தை விட்டுவிட்டோம். மேரி மக்தலேனா டேட் என்ற கருப்பினப் பெண் 1903ல் தொடங்கிய ஒரு சபை இருக்கிறது. அவர் இறந்தபிறகு அது மூன்றாகப் பிரிந்தது. அதில் ரெண்டு பிரிவுகளின் கோயில்களில் ஆர்கன் நிற்கவேண்டிய இடத்தில் ஸ்டீல் கிதார் நிற்கிறது. 1930களில் பிலடெல்பியாவில் ட்ரோமன் ஈசன் என்பவர் ஒரு ஹவாய்க்காரரிடம் பாடம் கேட்டார். தம்பி வில்லி ஈசன், 1921ல் பிறந்தவர், அண்ணன் வாசிப்பதைப் பார்த்துப் பார்த்துக் கற்றார். ஆனால் ஹவாய்ப் பாட்டை வாசிக்கவில்லை. தன் கோயிலில் கிழவிகள் இழுத்துப் பாடுகிற ராகத்தை, முனகலை, கூப்பாட்டை ஒற்றைக் கம்பியில் கொண்டுவந்தார். கிதார் பேசுகிறது என்று சனம் எழுந்து ஆடியது. ஊர் ஊராகத் தெருமுனையில் நின்று வாசித்தார். அவரைக் கேட்டுப் பிள்ளைகள் வாசித்தார்கள், அவர்களைக் கேட்டுப் பேரப்பிள்ளைகள். அறுபது வருசம். அந்தச் சபைகளுக்கு வெளியே இது அதிகம் தெரியாது. தொண்ணூறுகளில் ஃபுளோரிடாவில் ராபர்ட் ஸ்டோன் என்ற நாட்டார்வழக்காற்று ஆய்வாளர் காதில் விழுந்து, 1997ல் ஆர்ஹூலி கம்பெனி இசைத்தட்டு போட்டபிறகுதான் வெளியே பரவலாகத் தெரிந்தது. அதற்குள் வில்லி ஈசனுக்கு எழுபத்தைந்து வயதுக்கு மேல். கண்டுபிடித்தார்கள் என்று எழுதினார்கள். அறுபது வருசமாக ஞாயித்துக்கிழமைதோறும் கூரை அதிர வாசித்தவர்களை யார் தொலைத்தார்கள், கண்டுபிடிக்க?

முதல்முறை அந்த ஒலிப்பதிவை அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் பாதியில், 'நிறுத்து' என்றாள். நிறுத்தினேன். 'அந்த இடத்துல அவரு கம்பிய இழுக்கல, மூச்சு விட இடம் குடுக்கறாரு. அப்பா அங்க அப்படித்தான் நிப்பாரு. திரும்பப் போடு.' அதற்குப் பிறகு எது வாங்குவது என்பதில் அவளுக்குக் குழப்பமில்லை. அந்தக் கோயில்களில் வாசித்தவர்கள் யாரும் தீண்டப்படாத கிதார் தேடிக்கொண்டிருக்கவில்லை.

எங்களிடம் இருந்தது ஒரு லட்சத்துப் பத்தாயிரம். குழுத் தோழர்கள் போட்டது, ரெண்டு நிகழ்ச்சிப் பணம், அக்காவின் கம்மல். நல்ல நிலையில் இருக்கிற ரெண்டு கழுத்துக்குக் கிதாரின் விலையே அதற்கு மேல் போனது. அப்புறம் விமானக் கூலி, சுங்கம். இந்த ஊரில் கேட்டுப் பார்க்கலாமே என்று பெரிய நகரத்தில் ஒரு வாத்தியக் கடைக்கும் போனோம். இதெல்லாம் இங்கே யார் வாசிக்கிறார்கள் என்றார் முதலாளி. அக்கா, 'நான்தான்' என்றாள். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னோம். ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டார். தண்ணீர்கூடக் குடிக்காமல் இறங்கி வந்தோம்.

எட்டாவது மாசம் ஒரு விளம்பரம் வந்தது. டெக்சாஸ் பக்கம் ஒரு பெண்மணி, செத்துப்போன தன் அப்பாவின் ஸ்டிரிங்மாஸ்டரை விற்கிறார். முழுக்க மன்னிப்பாகவே எழுதியிருந்தார். மறுபடி வண்ணம் அடித்தது, ஒரு வால்யூம் கண்ட்ரோல் மாற்றியது, கால்கள் வேறு ஏதோ ஒன்றினுடையவை, பெயர்த் தகடு இல்லை, தேய்மானம் அதிகம், சேகரிப்பவர்களுக்கு ஏற்றதல்ல. விலை மற்றதில் பாதிக்குப் பக்கம். உள்ளே எடுத்த படம் கேட்டேன், பதினாலு படம் அனுப்பினார். ரெண்டு கழுத்துக்கும் நாலு பிக்கப்பும் பழசு, ஒரு கண்ட்ரோலில் 304 இருந்தது. முறுக்காணிகள் ஒரே குடும்பம். நான் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா வேறு இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசிப்பவருக்குக் கிட்டத்துக் கழுத்தின் ஓரத்தில் உள்ளங்கை நீளத்துக்குப் பூச்சே இல்லை, மரம் தெரிந்தது. மறுபடி அடித்த வண்ணமும் அங்கே போய்விட்டிருந்தது.

'தூரத்துக் கழுத்த வாசிக்கும்போது கை இங்கதான் படும். இது ஒரு நாள் ரெண்டு நாள்ல தேயாது. இதுவரைக்கும் நீ காட்டுனதெல்லாம் ஒத்தக் கழுத்து வாசிச்சவங்களோடதுடா. இவரு ரெண்டையும் வாசிச்சிருக்காரு.'

பெரிய பெரிய சேகரிப்பாளர்கள் எழுதிவைத்த அடையாளக் குறிப்புகளில் இதை நான் பார்க்கவில்லை. குறையென்று எழுதியிருந்த இடத்திலிருந்து அவள் ஆளையே படித்துவிட்டாள். அந்தப் பெண்மணிக்கு அக்கா சொன்னதை இங்கிலீஷில் எழுதி அனுப்பினேன். ஆமாம், அப்பாவின் வலது முழங்கை எப்போதும் அந்த இடத்தில்தான் இருக்கும் என்று பதில் வந்தது. பெட்டிக்குள் அவருடைய உருக்குக் கட்டையையும் விரலில் மாட்டும் நகங்களையும் சேர்த்துவைக்கிறேன், அதற்குப் பணம் வேண்டாம் என்றும் எழுதியிருந்தார்.

கால்களைக் கழற்றி, கம்பியைத் தளர்த்தி, முறுக்காணிப் பக்கம் நுரை அடைத்து அனுப்பச் சொன்னேன். அதை மட்டும் வாங்குகிறவர்கள் மறக்காமல் சொல்லவேண்டும். விறைத்த கம்பியோடு வந்தால் வழியில் ஒரு அடி பட்டாலும் மரத்துக்கு ஆபத்து. சுங்கத்தில் ஒன்பது நாள் கிடந்தது. கழுத்து ரெண்டு இருப்பதால் இது ரெண்டு கிதாரா ஒரு கிதாரா என்று ஒரு அதிகாரிக்குச் சந்தேகம். உடம்பு ஒன்றுதான் சார் என்று சொல்லி, படம் காட்டி, கட்டவேண்டியதைக் கட்டி எடுத்துவந்தோம். பொருள் எடை அதிகம், பஸ்ஸில் ஏற்ற நடத்துனர் லக்கேஜ் டிக்கெட் ரெண்டு கிழித்தார்.

வந்து நாலு மாசம் ஆகிறது. உள் கழுத்தில் பெரியப்பாவின் சுருதி ஏறிவிட்டது. அவருடையது ஆறு கம்பி, இது எட்டு என்பதால் மேலே ஒன்று கீழே ஒன்று அக்காவே சேர்த்துக்கொண்டாள். வெளிக் கழுத்து இன்னும் முடிவாகவில்லை. ஒப்பாரிக்கு அவள் மூன்று சுருதி வைத்துப் பார்த்துவிட்டாள், மூணாவதைக் கேட்ட எங்கள் தெருக் கிழவி ஒருத்தி, 'இன்னும் கொஞ்சம் எறங்கணும்' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். எட்டுக் கம்பி செட்டாக எங்கேயும் கிடைக்கவில்லை. ஆறு கம்பி செட்டு ரெண்டு வாங்கி, தடிமன் பார்த்துப் பொறுக்கிப் போடுகிறோம். மிச்சமாகிற கம்பிகளைத் தூக்கிப்போட வேண்டாம் என்று பெரியப்பாவின் தகரப் பெட்டியில் சுருட்டி வைத்திருக்கிறோம்.